யாழ்ப்பாணத்திற் கடன் கொடுத்தோரின் கணக்கேடு

இலங்கையிலே தமிழிற் கணக்கியல் பயின்ற மாணவர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த சொற்களுள் ஐந்தொகை என்பது ஒன்று. ஒரு வணிக நிலையத்தின் சொத்துக்களையும் பொறுப்புக்களையும் குறித்த ஒரு நாளில் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் கூற்றுக்கு அது பெயர். அண்மைக் காலத்திற் கணக்கீட்டு நியமங்கள் மாறியதன் பயனாக 'நிதிநிலைமைக் கூற்று' என்னும் தொடர் பாடநூல்களிற் புகுந்தது. ஆயினும் பழைய சொல்லுக்கு ஒரு சிறப்புண்டு. அது வகுப்பறையிற் பிறந்த சொல்லன்று. தமிழ் வணிகரின், சிறப்பாக வட்டித் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தாரின், ஏடுகளிற் புழங்கிப் பின்னர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த சொல் அது. கடன் கொடுத்தவர் தம் நிலையைத் தாமே அறிந்துகொள்ள வகுத்த முறை ஒன்றின் நினைவு அச்சொல்லில் இருக்கிறது.

கடைக்காரரின் ஐந்தொகையைப் படிப்பது எளிது. பத்து மூடை அரிசி இருப்பதாக ஏடு சொன்னால், களஞ்சியத்தைத் திறந்து எண்ணிப் பார்த்துவிடலாம். கடன் கொடுப்பவரின் ஐந்தொகை அத்தகையதன்று. அவருடைய பெருஞ் சொத்து அவரிடத்தில் இல்லை. பிறர் கையிலே இருக்கிறது. பிறர் சொன்ன சொல்லே அவருக்குச் சொத்து. ஆயிரம் ரூபா வரவேண்டியிருக்கிறது என்று ஏடு கூறும். அந்த ஆயிரம் வருமா, வருமாயின் எப்பொழுது வரும், எதிலிருந்து வரும் என்பவற்றை ஏடு தானாகக் கூறாது. வங்கிகளின் கணக்கு முறையும் அக்கணக்கை ஆராயும் முறையும் காலந்தோறும் மாறி வந்தமைக்கு இந்த ஒரு வினாவே காரணம். யாழ்ப்பாணக் குடாநாடு இவ்வினாவைப் பல வகையாக எதிர்கொண்ட நிலம்.

ஒல்லாந்தர் காலத்திலே, யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் இந்நாட்டு மக்களின் வழக்கங்களைத் தொகுத்தெழுதினார். யான் பிரூஸ் என்பவர் அதனைத் தமிழிற் பெயர்க்க, தமிழ் முதலியார் பன்னிருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் அளித்தனர். 1707ஆம் ஆண்டில் அது தேசவழமை என்னும் பெயரால் நிலைபெற்றது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் அதற்குச் சட்டவலு அளித்தனர். அதிலே சீதனமும் முதுசமும் பெரிதாகப் பேசப்படுவதை யாவரும் அறிவர். ஒற்றியும் அடைவும் வட்டிக் கடனும் தனித்தனியாகப் பேசப்படுவதைப் பலர் கவனிப்பதில்லை. நூலின் அப்பகுதி, அக்காலத்து மக்கள் எவ்வளவு கடன்பட்டு வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

ஒற்றி என்பது கணக்கியல் நோக்கிற் சுவையான ஓர் ஏற்பாடு. காணிக்காரர் பணத்தைப் பெற்றுக்கொண்டு காணியைக் கடன் கொடுத்தவரிடம் விட்டுவிடுவார். விளைவு முழுவதும் வட்டிக்கு ஈடாகக் கடன் கொடுத்தவரைச் சேரும். முதலைத் திருப்பிக் கொடுத்த அன்று காணி மீளும். இங்கே வட்டிக் கணக்கு எழுதவேண்டிய தேவை இல்லை, நிலமே ஏடு. மழை பொய்த்தால் வட்டி குறையும். நன்றாகப் பெய்தால் கூடும். ஆதலின் கடன் கொடுத்தவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காசு வட்டிக்குக் கொடுத்தவருக்கோ அந்தக் கவலை இல்லை, அல்லது இல்லையென்று அவர் நினைத்தார். பயிர் கருகினாலும் வட்டி ஏட்டிலே வளர்ந்துகொண்டே போகும். ஏட்டில் வளர்வதும் பெட்டியில் வந்து சேர்வதும் ஒன்றென்று நினைப்பதே கடன் தொழிலின் முதற் பிழை.

அப்பிழையின் விலையை இலங்கை முழுவதும் ஒருமுறை கண்டது. 1869ஆம் ஆண்டிலே கோப்பிச் செடியிற் கண்ட இலைநோய் பதினைந்து ஆண்டுகளில் மலைநாட்டுத் தோட்டங்களை அழித்தது. தோட்டங்களை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஓரியன்ரல் வங்கி 1884ஆம் ஆண்டு மே மாதத்திற் கதவடைத்தது. கோப்பி செழித்த காலத்து மதிப்பை நம்பிக் கொடுத்த கடன், செடி பட்டுப்போன பின்னரும் ஏட்டிலே குறையாத தொகையாக நிற்கக்கூடும். தோட்டத்தை விற்கப் போகும்போதுதான் உண்மை வெளிப்படும். நாட்டிலே புழங்கிய நாணயத் தாள்களில் மிகுதி அவ்வங்கியின் தாள்களே. தேசாதிபதி ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு நிற்கும் என்று அறிவித்திராவிடின் சாதாரண மக்கள் பெரிதும் அழிந்திருப்பர். அதன்பின் தாள் வெளியிடும் உரிமையை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது.

ஆங்கில வங்கிகள் தோட்டத் துரைமாருக்கும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் உரியனவாயிருந்தன. சுதேச வணிகர் அவற்றின் வாயிலை நேரே அணுகுதல் அரிது. சிறாப்பர் எனப்பட்டவர் பொறுப்பு நின்றால் மாத்திரமே கடன் கிடைக்கும். (கச்சேரியிலே காசு வாங்குபவரையும் யாழ்ப்பாணத்தார் இப்பெயராலேயே அழைத்து வந்தனர்.) அவ்விடைவெளியை நிரப்பியவர் கொழும்புச் செட்டியார் தெருவிலே கிட்டங்கி வைத்திருந்த நகரத்தார். வங்கியிற் குறைந்த வட்டிக்கு வாங்கிப் பிறருக்குக் கூடிய வட்டிக்குக் கொடுப்பது அவர் தொழில். பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் அவர் ஏடுகளிலே அன்றாடக் குறிப்பும், அதிலிருந்து ஆள்வாரியாகப் பெயர்த்தெழுதும் பேரேடும், வரவும் பற்றும் இரட்டையாகப் பதியும் முறையும் இருந்தன. வெனிஸ் நகரத்தில் 1494ஆம் ஆண்டிலே லூக்கா பச்சியோலி அச்சிட்ட நூலினாலேயே இரட்டைப் பதிவு உலகறிந்ததாயிற்று என்பர். அந்நூலை ஒருநாளும் காணாத செட்டிநாட்டுக் கணக்கப்பிள்ளைகள் அதே பயனை ஓலையிலும் தாளிலும் கண்டனர்.

நகரத்தாரின் முகவர் மூன்றாண்டு தவணைக்குக் கடல் கடந்து வந்து தொழில் நடத்தி, தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்து மீள்வது வழக்கம். தமக்குப் பின் வருபவர் அக்கணக்கை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பதனால், ஒருவர் கொடுத்த கடனின் தரத்தை வேறொருவர் ஆராயும் வாய்ப்பு அமைந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ஏடு எவ்வளவு நேர்த்தியாயிருந்தாலும், எல்லாருடைய கடனும் ஒரே சமயத்திற் கெடும் காலத்தை அது தடுக்க முடியாது. 1925ஆம் ஆண்டிலே சில செட்டியார் நிலையங்கள் முறிந்தபோது ஆங்கில வங்கிகள் ஏனையோருக்கும் கடன் கொடுப்பதைச் சுருக்கிக்கொண்டன. பர்மாவில் நிகழ்ந்தது இன்னும் பெரிது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் விளையும் மாவட்டங்களிலே செட்டியார் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு ஆறு வீதம். 1937இல் அது நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. நெல் விலை வீழ்ந்ததனாற் கடனுக்குப் பதிலாக நிலம் வந்து சேர்ந்தது. உலகத்தார் அதனைப் பேராசை என்றனர். கணக்கறிந்தவருக்கு அது நட்டத்தின் வேறொரு தோற்றம் என்பது புரியும். 1942இல் யப்பானியர் வந்தபோது அந்த நிலத்தைத் தோளிற் சுமந்து ஒருவரும் திரும்பவில்லை.

கடன்பட்டவரைக் காக்கும் பொருட்டுக் கணக்கையே கருவியாக்கிய சட்டம் ஒன்று 1918ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்டது. அஃது அவ்வாண்டின் இரண்டாம் இலக்கக் காசுக்கடன் கட்டளைச்சட்டம். வட்டிக்குக் கொடுப்போர் ஒழுங்கான கணக்கு வைத்தல் வேண்டும். வாக்குறுதிச் சீட்டிலே உண்மையாகக் கைம்மாறிய முதலையும், முன்கூட்டிக் கழித்த தொகையையும், ஆண்டு வட்டி வீதத்தையும் வெளிப்படையாக எழுதுதல் வேண்டும் என்றது அச்சட்டம். காரணம் விளங்கச் சிறு கணக்கொன்று போதும். நூறு ரூபாவுக்குப் புறோநோட்டு எழுதுவித்து, ஓராண்டு வட்டியாகிய இருபதை முன்னரே கழித்து, எண்பதைக் கையிற் கொடுத்தால், வட்டி நூற்றுக்கு இருபது அன்று, இருபத்தைந்து. சீட்டைப் படித்தவருக்கு இருபது. வயிற்றைக் கட்டி அடைத்தவருக்கு இருபத்தைந்து. சட்டம் வந்தும் இத்தகைய வழக்கம் ஒழிந்துவிட்டது என்று எவரும் சொல்லத் துணியார். எனினும் கடன்பட்டவர் கையிலும் ஒரு கணக்குக் கருவி இருக்கவேண்டும் என்ற எண்ணம் சட்டமாயிற்று.

அதனினும் பெரிய எண்ணம் ஜேர்மனியிலிருந்து இந்தியா வழியாக வந்தது. ரைபைசன் என்னும் பெரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அந்நாட்டுக் கிராமங்களில் அமைத்த கடன் சங்கங்களைப் பின்பற்றி இந்தியாவில் 1904ஆம் ஆண்டிலும், இலங்கையில் 1911ஆம் ஆண்டிலும் சட்டங்கள் எழுந்தன. யாழ்ப்பாணத்தார் இச்சங்கங்களை ஐக்கிய நாணய சங்கம் என்றனர். நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், சொற் தவறாமையையும் குறிக்கும். இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

குடாநாட்டில் இவ்வியக்கம் வேரூன்றக் காரணங்கள் பல. இங்கே பெருந்தோட்டங்கள் இல்லை. கிணற்று நீர் இறைத்துப் பரப்புக் கணக்கிலே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் செய்யும் சிறு தோட்டக்காரரே மிகுதி. புகையிலைக்கு எருவும் கூலியும் முதலிலே வேண்டும். விற்ற காசு பல மாதங்களின் பின்னரே வரும். இடைக்காலத்துக்குக் கடனின்றி முடியாது. அதே வேளை, மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர் அனுப்பிய பணமும், பென்சன் பெற்றுத் திரும்பியவரின் சேமிப்பும் ஊரிலே இருந்தன. ஒருபுறம் காசு; மறுபுறம் காசுக்குத் தேவை. இடையிலே எழுதப் படிக்கத் தெரிந்த ஆசிரியர்கள். காரியதரிசி வேலையை ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஏற்று இரவிலே விளக்கு வெளிச்சத்திற் கணக்கெழுதுவது வழக்கமாயிற்று. 1929ஆம் ஆண்டில், கிராமச் சங்கங்களுக்குக் கடன் வழங்கும் கூட்டுறவு வங்கி யாழ்ப்பாணத்தில் தோன்றியது. இலங்கையின் கூட்டுறவு வங்கிகளுள் அதுவே மூத்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்து, 1952ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைத் தொகுதிக்குப் பாராளுமன்ற உறுப்பினராகவும் தெரிவான வி. வீரசிங்கம் அவர்கள் வடபகுதிக் கூட்டுறவின் தலைமகனாய் விளங்கினார். யாழ். நகரிலுள்ள வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரைத் தாங்குகிறது.

அச்சங்கங்களின் கணக்கு எப்படியிருந்தது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். ஒரு சங்கத்தைக் கற்பனை செய்வோம். உறுப்பினரின் பங்குப் பணம் 300 ரூபா. வைப்புப் பணம் 500. கூட்டுறவு வங்கியில் வாங்கிய கடன் 2,000. ஆண்டுதோறும் ஒதுக்கி வைத்த ஒதுக்கம் 200. பொறுப்புப் பக்கம் மொத்தம் 3,000. எதிர்ப்பக்கத்திலே கையிருப்பு 150, வங்கியில் வைப்பு 250, உறுப்பினருக்குக் கொடுத்த கடன் 2,600. இதுவும் 3,000. இரு பக்கமும் சமன், கணக்கிலே பிழையில்லை. ஆனால் அந்த 2,600 ரூபாவிலே 400 ரூபா வராது என்று வைத்துக்கொள்க. ஒதுக்கம் முழுவதும் போய், பங்குப் பணத்திலும் 200 போகும். 700 ரூபா வராதெனின், ஒதுக்கமும் பங்கும் முழுதும் போன பின்னரும் 200 ரூபா குறையும். அதனை யார் கொடுப்பது?

இவ்வினாவுக்கு ரைபைசன் முறை சொன்ன விடை கடுமையானது: உறுப்பினர் யாவரும் கொடுத்தல் வேண்டும். எல்லையற்ற பொறுப்பு என்பது அதன் பெயர். அயல்வீட்டுக்காரர் கடனை அடைக்காவிடின் உமது காணிக்கும் ஆபத்து. இதனைக் கேட்டுப் பலர் அஞ்சினர். ஆயினும் இந்த அச்சமே சங்கத்தின் கணக்கை உயிருள்ளதாக்கியது. பொதுக்கூட்டத்திலே ஒவ்வோர் உறுப்பினருக்கும் உச்சக் கடனெல்லை குறிக்கப்பட்டது. அவருடைய காணி எத்தனை பரப்பு, வேறிடத்திற் கடன் உண்டா, கேட்கும் பணம் கிணறு கட்டவா, கலியாணச் செலவுக்கா, வழக்காடவா என்பன ஊரவர்க்குத் தெரியும். யாழ்ப்பாணத்தார் வழக்காடுவதில் வல்லவர் என்பதனால் இறுதிக் கேள்வி வீண் கேள்வியன்று. கொழும்பிலிருந்து வரும் எந்தக் கணக்காய்வாளரும் ஒரு மாதம் தங்கியிருந்து அறியக்கூடியதை, அயலார் வேலிக்கு மேலாகப் பார்த்தே அறிந்திருந்தனர். ஐந்தொகையில் 2,600 என்று நிற்கும் ஒற்றைத் தொகை, அவர்களுக்கு முப்பது மனிதரின் முகங்களாய்த் தெரிந்தது.

இதனால் எல்லாச் சங்கங்களும் செம்மையாக நடந்தன என்று கொள்ளற்க. அயலவர் அறிவு பெரிது. அயலவர் தாட்சணியமும் பெரிது. மைத்துனர் கேட்டால் மறுப்பது எப்படி? சாதியும் உறவும் கட்சியும் சங்கக் கூட்டத்துக்கு வெளியே செருப்போடு கழற்றி வைக்கப்படுவனவல்ல. ஆதலின் வெளியார் ஒருவரின் கண்ணும் வேண்டியிருந்தது. 1930ஆம் ஆண்டிலே கூட்டுறவுப் பகுதி தனிப் பகுதியாகி டபிள்யூ. கே. எச். கம்பெல் என்பார் முழுநேரப் பதிவாளராக வந்தார். சங்கங்களின் தொகையைப் பெருக்குவதிலும் அவற்றின் தரத்தை உயர்த்துவதே மேல் என்பது அவர் கொள்கை. பகுதியின் அலுவலர் ஊர் ஊராகச் சென்று கணக்காய்வு நடத்தினர்.

அக்கணக்காய்வாளர் தேடிய குற்றங்களுள் இரண்டு இங்கே குறிக்கத்தக்கன. ஏனெனில் உலகத்துப் பெரு வங்கிகளின் கணக்கிலும் இவ்விரண்டுமே வேறு வேடத்தில் வருகின்றன. ஒன்று, வராத வட்டியை வருமானமாக எழுதுதல். தவணை தப்பிய கடனுக்கும் வட்டி ஏறிக்கொண்டே போகும். அதனை இலாபமாகக் காட்டினால், எவ்வளவு கெட்ட கடன் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சங்கம் செழிப்பதாகத் தோன்றும்! மற்றது, பொய்த் தீர்வு. ஆண்டு முடியும் நாளிலே கடன்பட்டவர் எங்கோ கைமாற்று வாங்கி வந்து கடனைத் தீர்ப்பார். மறுநாட் காலையிலே அதே தொகையைப் புதுக்கடனாகச் சங்கத்திற் பெற்று அந்தக் கைமாற்றை அடைப்பார். சிலவிடங்களிற் காசு அசையாமலே ஏட்டில் மாத்திரம் இது நடக்கும். ஆண்டிறுதிக் கணக்கிலே தவணை தப்பிய கடன் எதுவும் இல்லை. எல்லாம் திரும்பி வந்தன. கடன் திரும்பியது என்பதை ஏடு எழுதும். எதிலிருந்து திரும்பியது என்பதை எழுதாது. புகையிலை விற்ற காசிலிருந்து வந்த பத்து ரூபாவுக்கும் இன்னொரு கடனிலிருந்து வந்த பத்து ரூபாவுக்கும் பேரேட்டிலே ஒரே நிரல்தான்.

நிற்க. நாட்டின் பெரிய அரங்கிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. சுதேசிகளுக்குக் கடன் கிடையாத நிலையை ஆராய 1934ஆம் ஆண்டில் வங்கி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர், இந்தியாவின் சென்றல் வங்கியை நிறுவிய சேர் சொராப்ஜி பொச்கன்வாலா. அதன் பயனாக 1939ஆம் ஆண்டிலே இலங்கை வங்கி தோன்றியது. 1949இற் கூட்டுறவுச் சமஷ்டி வங்கியும், 1950இல் மத்திய வங்கியும் எழுந்தன. 1961ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் மக்கள் வங்கி அமைந்தபோது சமஷ்டி வங்கி அதனுட் சேர்ந்தது. கிராமக் கடனுக்கு முன்னிலும் அதிகமான பணம் கிடைத்தது என்பது உண்மை. ஆயினும் கணக்கைப் படிப்பவரும் நட்டத்தைச் சுமப்பவரும் ஒருவராகவே இருந்த பழைய ஏற்பாடு மெல்ல மெல்லக் குலைந்தது. பணம் தலைமையகத்திலிருந்து வந்தது. கணக்கு தலைமையகத்துக்குப் போனது. கடன் வராவிடின் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் ஊரிலும் பரவியது. இலாபத்தோடு நட்டமும் தன்னுடையது என்ற உணர்வு ஒருமுறை போனால், நூறு சுற்றறிக்கை அனுப்பியும் அதனை மீட்பது எளிதன்று.

அதன்பின் போர்க் காலம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றபோது, கடன்பட்டவரும் பிணை நின்றவரும் கணக்கெழுதியவரும் திசைக்கொருவராயினர். ஏட்டில் உள்ள கடனுக்கு அப்பெயரும் அம்முகவரியும் இருந்தன. அம்முகவரியில் ஆள் இல்லை, சில இடங்களில் வீடும் இல்லை. எந்தக் கணக்கு நியமமும் அத்தகைய நாளை எண்ணி எழுதப்பட்டதன்று.

2009ஆம் ஆண்டிற் போர் முடிந்ததும் வடக்கிலே வங்கிக் கிளைகளும் நிதிக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் விரைந்து பெருகின. நுண்கடன் முறைக்கு மூலமாகக் கூறப்படுவது, பங்களாதேசத்திலே முகம்மது யூனுஸ் 1983ஆம் ஆண்டில் வங்கியாக நிலைநாட்டிய கிராமீன் முறை. அயற்பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்பர். கிழமைதோறும் தவணை கட்டுவர். கேட்பதற்கு ஐக்கிய நாணய சங்கத்தின் மறுபிறப்புப் போலத் தோன்றும். ஒரு வேறுபாடு உண்டு. அதுவே எல்லா வேறுபாடும் ஆகும். நாணய சங்கத்திலே அயலார் பிணையும் நின்றனர், ஏட்டையும் படித்தனர், உச்சக் கடனெல்லையையும் தாமே குறித்தனர், இலாபமும் ஒதுக்கமாய் அவர்களுடையதாகவே கிடந்தது. புதிய முறையிலே பெண்களுக்குக் கிடைத்தது பிணை மாத்திரமே. ஏடு கம்பனியிடத்தில்.

கம்பனிகளின் ஐந்தொகையோ அழகாயிருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வருகிறது என்பதே உலகெங்கும் நுண்கடன் பேசியோர் கூறிய பெருமை. முதலீடு செய்வோர் அந்த ஓர் எண்ணைப் பார்த்தே மேலும் பணம் தந்தனர். ஆனால் ஒரு பெண் திங்கட்கிழமை ஒரு கம்பனிக்கும் புதன்கிழமை இன்னொன்றுக்கும் வெள்ளிக்கிழமை மூன்றாவதற்கும் கட்டவேண்டியவளானாள். முதற் கம்பனியின் தவணை இரண்டாவதன் கடனிலிருந்து கட்டப்பட்டது; இரண்டாவதன் தவணை மூன்றாவதிலிருந்து; அதுவும் போதாதபோது தாலிக்கொடி அடைவுகடைக்குப் போயிற்று. ஒவ்வொரு கம்பனியின் ஏடும் தனித்தனியே உண்மை பேசியது. எல்லா ஏடுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் மாத்திரமே அந்தப் பழைய பொய்த் தீர்வு தெரியும். இந்தியாவின் ஆந்திர மாநிலத்தில் 2010ஆம் ஆண்டிலே இதுவே நிகழ்ந்து, அங்கே அரசாங்கம் தலையிட நேர்ந்தது. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018ஆம் ஆண்டில், வரட்சியால் வருந்திய 12 மாவட்டங்களிலே, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன் பெற்று அடைக்க முடியாதிருந்த பெண்களுக்கு அரசாங்கம் கடன் நிவாரணம் அறிவித்தது. வடக்கு, கிழக்கு மாவட்டங்களும் அவற்றுள் அடங்கின. ஆண்டு வட்டிக்கு நூற்றுக்கு 35 என்று உச்ச எல்லையும் குறிக்கப்பட்டது. 35 என்பது தடுக்கும் எல்லை எனின், அதற்கு முன்னர் இருந்தது யாது என்பதை நேயர்கள் தாமே உய்த்துணர்ந்து கொள்ளலாம்.

தற்செயலாக அதே 2018ஆம் ஆண்டு, சனவரி முதலாந் திகதி, வங்கிகளின் கணக்கு முறையிலே பெரிய மாற்றம் ஒன்று உலகின் பல நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர், நட்டத்துக்கான அறிகுறி கண்ட பின்னரே வங்கி கடனின் மதிப்பைக் குறைத்தெழுதும். 2008ஆம் ஆண்டின் உலக நெருக்கடியிலே இம்முறை காலந் தாழ்த்திச் சிறிது சிறிதாகவே உண்மை பேசுகிறது என்ற குறை எழுந்தது. அதன் விளைவாக 2014ஆம் ஆண்டிலே சர்வதேச நியமம் 9 வெளியிடப்பட்டது. இலங்கையில் அது இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9 எனப்படும். இதன்படி, கடன் கொடுத்த நாளிலேயே அடுத்த பன்னிரண்டு மாதத்தில் நேரக்கூடிய நட்டத்துக்கு ஏற்பாடு எழுதவேண்டும். கடன்பட்டவரின் நிலை குறிப்பிடத்தக்க அளவு தாழ்ந்தால், சாதாரணமாகத் தவணை 30 நாட் தப்பினால், கடனின் வாழ்நாள் முழுவதற்கும் எதிர்பார்க்கும் நட்டம் எழுதவேண்டும். 90 நாட் தப்பினாற் பெரும்பாலும் அது கெட்ட கடன். அப்பொழுது வட்டி வருமானத்தையும் முழுத் தொகைக்கு எழுதாது, நட்ட ஏற்பாடு கழித்த மீதிக்கே எழுதவேண்டும்.

வராத வட்டியை வருமானமாக்கும் பழைய குற்றத்துக்கு இந்நியமம் ஓரளவு வேலி கட்டியது. மற்றைய குற்றத்துக்கு அதனால் இயன்றது குறைவு. 30 நாளும் 90 நாளும் தவணை தப்பியவரைக் காட்டும். இன்னொரு கடன் வாங்கித் தவணை தப்பாமற் கட்டுபவரை அந்த நாட்கணக்குக் காட்டாது. ஆதலின் வங்கியின் அறிக்கையை ஆராய்வோர் கெட்ட கடன் விகிதத்தை மாத்திரம் பார்த்து அமையாமல், புதுப்பித்த கடன் எவ்வளவு, தவணை நீட்டியது எவ்வளவு, எழுதிக்காட்டிய வட்டியிற் காசாக வந்தது எவ்வளவு என்பவற்றையும் குறிப்புப் பக்கங்களிலே தேடுவர். ஆண்டறிக்கையின் முகப்பிலே தலைவரின் படமும் இலாபத் தொகையும் இருக்கும். இவை பின்பக்கங்களிற் சிறிய எழுத்தில் இருக்கும். 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இலங்கை அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடனை அடைப்பதை இடைநிறுத்தியபோது, ஐயத்துக்கிடமற்ற கடனாளி என்று எண்ணப்பட்ட அரசின் முறிகளுக்கே உள்ளூர் வங்கிகள் நட்ட ஏற்பாடு எழுத நேர்ந்தது.

குடாநாட்டிலே இன்றும் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஐந்தொகை படிக்கப்படுகிறது. படிக்கும்போது அதைக் கேட்பவர் சிலர். தேநீருக்குக் காத்திருப்பவர் பலர். கேட்கும் சிலருள் ஒருவர் எழுந்து, இந்த வருமதிக் கடனிலே எத்தனை பேருடையது சென்ற ஆண்டு புதுப்பித்துக் கொடுத்தது என்று கேட்டால், காரியதரிசி பேரேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் புரட்டவேண்டும். அதற்கு மூக்குக் கண்ணாடியும் சற்று நேரமும் போதும்.